நெருப்பின் வழமையும் கையின் பொறுப்பும்

புத்தளம் மாவட்டத்தின் கரையோரத்தில் இரும்பு நெடுநாள் தாக்குப்பிடிப்பதில்லை. சிலாபத்திலிருந்து முந்தல், மதுரங்குளி, பாலாவி வழியாகப் புத்தளம் நகருக்குச் செல்லும் வீதியும், பாலாவியில் பிரிந்து நுரைச்சோலை ஊடாகக் கற்பிட்டிக்குச் செல்லும் வீதியும் கடலுக்கும் களப்புக்கும் உப்பளங்களுக்கும் இடையே கிடப்பதால், அவற்றில் ஓடும் வாகனங்கள் காற்றிலிருந்து உப்பை வாங்குவதோடு, மீன்பெட்டிகளின் கசிவிலிருந்தும் உப்பு மூட்டைகளின் சிந்தலிலிருந்தும் அதையே மேலும் வாங்கிக்கொள்கின்றன. கதவின் அடிவிளிம்பு, சக்கரத்துக்கு மேலுள்ள வளைவு, மிதிபலகையின் உட்கூடு என ஈரம் தங்கும் இடங்களில் தொடங்கும் துரு பெயின்ட் பூச்சின் அடியிலேயே பரவுவதால், மேலே கொப்புளம் தெரியும் வேளையில் தகடு ஓட்டையாகி முடிந்திருக்கும். அந்நியச் செலாவணி நெருக்கடியால் 2020இல் இலங்கை வாகன இறக்குமதியை நிறுத்தித் தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் வழிவிட்டதனால், இடைப்பட்ட ஆண்டுகளில் பழைய வேனும் லொறியும் கழித்துவிடும் பொருள்களாக இல்லாமல், வெட்டி ஒட்டிக் காப்பாற்ற வேண்டிய சொத்துகளாயின; டிங்கர் வேலை, அதாவது வாகன உடலின் தகட்டு வேலை, செய்யும் பாஸ்மாரின் கைக்கு அவை திரும்பத் திரும்ப வந்தன.

அவ்வேலையில் நேரும் கெடுதிகளுள் ஒன்று, துருப்பிடித்த பகுதியை வெட்டியெடுத்துப் புதிய தகட்டை வைத்து வெல்டிங் செய்யும்போது ஒட்டின் இருமருங்கும் தகடு நெளிந்துபோவதாகும். பார்வைக்கு இது கராஜுக்குள் தீரவேண்டிய சில்லறைக் காரியம். ஆயினும் இவ்வட்டார முஸ்லிம்கள் வழிவழியாகப் பின்பற்றிவரும் ஷாபிஈ சட்ட மரபையும் அதனோடு சேர்ந்து வந்த அஷ்அரி இறையியலையும் அருகே வைத்து நோக்குமிடத்து, அதற்குள் பழைய கேள்வி ஒன்று கிடப்பது புலப்படும். தகட்டை நெளித்தது யார்: நெருப்பா, கையா, அனைத்தையும் படைப்பவனா? நட்டம் யாரைச் சேரும்? நெளிவை முற்றாகத் தடுத்துவிடும் கைத்திறன் ஒருவனிடம் இருந்தால் அவனுடைய பொறுப்பு அத்துடன் தீர்ந்துவிடுகிறதா? இவற்றுள் மூன்றாவதே கடினமானது. முதலிரண்டும் அதற்கு வழிகாட்டுவன.

நெளிவு எவ்வாறு நிகழ்கிறது என்பதை அறியாமல் பொறுப்பைப் பற்றிப் பேச இயலாது. வேன் ஒன்றின் வெளித்தகடு பொதுவாக 0.7 முதல் 0.9 மில்லிமீற்றர் வரை தடிப்புள்ள மென்னெஃகு. எஃகின் வெப்பநிலை 100 பாகை செல்சியஸ் உயர்ந்தால் அது மீற்றருக்கு ஏறத்தாழ 1.2 மில்லிமீற்றர் நீள்கிறது. வெல்டிங் நடக்கும் கோட்டிலோ சுமார் 1,500 பாகையில் அது உருகுகிறது. உருகும் கோட்டை அடுத்துள்ள பட்டை நீள முயலும்போது சுற்றியுள்ள குளிர்ந்த தகடு இடங்கொடுப்பதில்லை; 600 பாகையிலேயே எஃகு தன் வலிமையில் பாதியளவை இழந்துவிடுவதால், நீள வழியில்லாத அந்தச் சூடான பட்டை தனக்குள்ளேயே நசுங்கித் தடிக்கிறது. ஆறும்போது அது சுருங்குகிறது. நசுங்கியதால் போன நீளம் திரும்புவதில்லை. ஆகவே ஒட்டு முன்னிருந்ததைவிடக் குறுகி இருபுறத்தையும் தன்பால் இழுக்க, அதற்கு அப்பாலுள்ள தகடு குறுகாமல் இருப்பதால், மிஞ்சிய நீளம் போக்கிடமின்றி வெளியே புடைக்கிறது அல்லது உள்ளே குழிகிறது. பெருவிரலால் அழுத்தினால் ‘டொக்’கென்று உள்ளே சென்று, விட்டவுடன் வெளியே துள்ளும் கதவுத் தகடு இவ்வாறு பிறந்ததே. நிலைத்துவிடும் கெடுதி வெளிப்படுவது சூட்டின் வேளையிலன்று, ஆறும் வேளையில்; வேலை முடிந்ததென்று கையைத் துடைத்துக்கொண்ட பின்னரும் தகடு இழுபட்டுக்கொண்டிருக்கும்.

இனி முதற் கேள்வி. இமாம் கஸ்ஸாலி (1058–1111) மெய்யியலாரை மறுத்து 1095 அளவில் எழுதிய ‘தஹாஃபுத்துல் ஃபலாஸிஃபா’ என்னும் நூலின் பதினேழாவது விவாதத்தில், பஞ்சும் நெருப்பும் சந்திக்கும் எடுத்துக்காட்டை முன்வைக்கிறார். நெருப்புப் பட்டதும் பஞ்சு எரிவதைக் கண் காண்கிறது. நெருப்பால் எரிந்தது என்பதைக் கண் காண்பதில்லை, ஒன்றோடொன்று சேர்ந்து நிகழ்ந்ததையே காண்கிறது என்பது அவர் வாதம். உயிரற்ற நெருப்புக்குச் செயல் என ஒன்றில்லை. எரிதலைப் படைப்பவன் இறைவன். சேர்ந்தே நிகழும்படி அவன் வைத்திருக்கும் ஒழுங்கைத்தான் மனிதர் காரணம் என்றும் காரியம் என்றும் பழக்கத்தால் இணைத்துப் பேசுகின்றனர். இதைக் கராஜுக்குள் கொண்டுவந்தால், எரிவாயுச் சுடர் தகட்டை நெளிக்கவில்லை. சுடர் பட்டு ஆறிய தகட்டில் நெளிவைப் படைத்தவன் இறைவன் என்றாகும். நெளிந்த கதவைக் கண்டு கோபத்தோடு நிற்கும் வாகன உரிமையாளரிடம் “அல்லாஹ்வின் நாட்டம்” என்று ஒருவர் சொன்னால், இறையியல் நோக்கில் அவர் சொன்னதில் பிழையேதுமில்லை. அது நட்டத்திலிருந்து தப்புவதற்கான சமாதானமாகுமா என்பது முற்றிலும் வேறு கேள்வி.

அவ்விரண்டையும் கஸ்ஸாலியே பிரித்துக் காட்டிவிட்டார். காரணத்துக்குள் கட்டாயம் இல்லையெனில், வீட்டில் வைத்துவிட்டு வந்த புத்தகம் திரும்பிப் போகும்போது விலங்காக மாறியிருக்கக்கூடும் என்றும் ஒருவர் அஞ்ச வேண்டிவருமே என்று எதிர்த்தரப்பின் கேலியை அவரே எடுத்துச் சொல்லி, அவ்வாறு நிகழாது என்னும் அறிவையும் இறைவனே மனிதருள் படைத்திருக்கிறான் என்றும், மாறாமல் திரும்பத் திரும்ப நிகழும் வழமை அந்த அறிவை உள்ளத்தில் பதித்துவிடுகிறது என்றும் விடையளிக்கிறார். காரணங்களை மறுப்பது அறிவையே மறுப்பதாகும் எனப் பின்னர் இப்னு ருஷ்த் (1126–1198) கடுமையாகச் சாடியபோதிலும், அச்சாடல் கஸ்ஸாலியின் இந்தப் பகுதியை முழுமையாகத் தொடுவதாகத் தோன்றவில்லை. இருவரும் எஃகின் முன் நின்றிருந்தால் ஒரேவிதமாகத்தான் வெல்டிங் செய்திருப்பர். வழமை இறைவன் வைத்தது எனக் கொள்பவர், இயற்கையின் கட்டாயம் எனக் கொள்பவரைவிடக் குறைவாக அதை நம்பத் தேவையில்லை. சொல்லப்போனால், வழமையை ஒருவனுடைய வாக்குறுதிபோலக் கருதுகிறவருக்கு அதை அறிந்தும் புறக்கணிப்பது மேலும் பாரமான குற்றமாகிறது.

அஷ்அரி இறையியலில் மனிதனின் பங்கு ‘கஸ்பு’ எனப்படும். செயலைப் படைப்பவன் இறைவன், அதை ஈட்டிக்கொள்பவன் மனிதன் என்பது அதன் சுருக்கம். நுண்மையும் மங்கலும் மிக்க கோட்பாடு என்று நூற்றாண்டுகளாகக் குறைகூறப்பட்டு வந்த இதற்குத் தகட்டு வேலை ஒரு தெளிவான வடிவம் தருகிறது. தகடு நீளும் அளவையோ, ஆறும்போது குறுகும் அளவையோ பாஸ் தீர்மானிப்பதில்லை. அவை அவர் கைக்குள் இல்லை. அவர் கைக்குள் இருப்பவை மூன்று: எங்கே சூடேற்றுவது, எந்த வரிசையில் ஏற்றுவது, எவ்வளவு நேரம் பொறுப்பது. நெளிவைத் தடுக்கும் கலை முழுவதும் இம்மூன்றுக்குள் அடங்கும்.

இடம் முதலாவது. ஒட்டு பரந்த சமதளத்தின் நடுவே விழுந்தால் நெளிவு தவிர்க்க அரிது; மடிப்புக்கோ வளைவுக்கோ அருகே விழுந்தால் அவ்வடிவமே தகட்டை விறைப்பாக்கித் தாங்கும். ஆகவே துருவின் அளவுக்கு மட்டும் வெட்டாமல், சற்றுத் தள்ளி வளைவுவரை வெட்டுவதே பல வேளைகளில் அறிவுடைமை. ஒட்டுத்தகட்டின் மூலைகளைக் கூராக விடாமல் உருட்டி வெட்டுவதும், பழைய தகட்டின் விளிம்பை வெள்ளையாக மின்னும்வரை சுரண்டித் துருவையும் பெயின்டையும் நீக்குவதும், இரு விளிம்புகளுக்குமிடையே நூலளவு இடைவெளி விடுவதும் இதனைச் சேர்ந்தவை. ஒன்றின்மேல் ஒன்றாகத் தகட்டை ஏற்றி ஒட்டுவது எளிது, நெளிவும் ஓரளவு குறையும். ஆனால் இந்தக் கரையோரத்தில் அவ்விரு படைகளுக்கும் நடுவே உப்பீரம் புகுந்து மறு ஆண்டே துருவைத் தொடங்கிவிடும் என்பதால், விளிம்போடு விளிம்பைச் சேர்ப்பதே மேல். மிதிபலகை மாற்றும்போது கதவை அதன் இடத்தில் தொங்கவிட்டுச் சாத்திப் பார்த்த பின்னரே ஒட்ட வேண்டும். வெறுந்திறப்பில் ஒட்டிவிட்டால், கதவு ஒருபோதும் சரியாகச் சாத்தாது.

வரிசையும் பொறுத்திருத்தலும் ஒன்றோடொன்று பிணைந்தவை. ‘டெக்’ எனப்படும் புள்ளி ஒட்டு ஒன்றை ஒரு முனையில் வைத்தால், அடுத்ததை மறுமுனையில், மூன்றாவதை நடுவில், பின்னர் ஒவ்வோர் இடைவெளியையும் பாதியாக்கியபடி, புள்ளிகளுக்கிடையே ஓர் அங்குலமளவு எஞ்சும்வரை தாவித்தாவி வைத்துச் செல்ல வேண்டும். கோடிழுப்பதுபோல் ஒரே ஓட்டமாக ஓட்டினால் சூடு ஓரிடத்தில் குவிந்து தகடு அங்கேயே தன் கதையை முடித்துக்கொள்ளும். ஒவ்வொரு புள்ளிக்குப் பின்னும் புறங்கையால் தொட்டு, கையை எடுக்காமல் வைத்திருக்க முடிகிற அளவுக்குத் தகடு ஆறிய பின்னரே அதன் பக்கத்துப் புள்ளிக்குச் செல்வது முறை. ஒட்டின் பின்புறம் தடித்த செப்புத் தகடு ஒன்றை அழுத்திப் பிடித்தால் சூட்டின் ஒரு பகுதியை அது வாங்கிக்கொள்ளும். புள்ளிகள் இன்னும் உயரமாக நிற்கும்போதே பின்னால் ‘டொலி’ எனப்படும் கைக்கடங்கும் இரும்புக் கட்டியைக் கொடுத்து முன்னால் சுத்தியலால் இலேசாகத் தட்டினால், குறுகிய ஒட்டு மீண்டும் சற்று விரிந்து, பறித்த நீளத்தைத் திருப்பித் தரும். பலர் இத்தனையும் செய்துவிட்டுக் கடைசியில் கிரைண்டரிடம் தோற்றுப்போகின்றனர்; புடைத்த ஒட்டை ஒரே மூச்சில் தேய்த்துச் சமனாக்கும்போது எழும் சூடு, வெல்டிங் செய்யத் தவறிய நெளிவைச் செய்து முடிக்கிறது.

‘இஹ்யா’ என்னும் தம் நூலில் இறைவன்மீது பொறுப்புச் சாட்டுதல் பற்றிய பகுதியில் கஸ்ஸாலி காரணங்களை மூன்று தரங்களாகப் பிரிப்பது இங்கே நினைவுகூரத்தக்கது: உறுதியானவை, பெரும்பாலும் பலிப்பவை, வெறும் ஊகத்தில் நிற்பவை. உணவின் முன் அமர்ந்து கையை நீட்டாமல் வயிறு நிறையக் காத்திருப்பது இறைநம்பிக்கையன்று, பித்து என்பது முதல் தரத்தைப் பற்றிய அவரது தீர்ப்பு. புள்ளிகளைத் தாவி வைப்பதும் ஆறும்வரை பொறுப்பதும் அம்முதல் தரத்தன. செப்புத் தகடு இரண்டாந் தரத்தது. ‘பட்டி’ எனப்படும் நிரப்புப் பசையைக் கனமாகப் பூசிவிட்டால் வெடிக்காமல் நிற்கும் என்பது, ஐயத்துக்கிடமின்றி, மூன்றாவது.

இரண்டாவது கேள்வியான நட்டத்தை இறையியல் தீர்ப்பதில்லை, சட்டவியலே தீர்க்கிறது. பலருடைய வேலையையும் ஏற்றுச் செய்யும் கைவினைஞனைச் சட்டநூல்கள் பொதுத் தொழிலாளி எனக் குறிப்பிட்டு, அவன் கையில் கெட்ட பொருளுக்கு அவன் ஈடு கொடுக்க வேண்டுமா என நெடிதாக ஆராய்கின்றன. மாலிகி மரபு கைவினைஞரைப் பொறுப்பாளிகளாக்குவதில் கண்டிப்பானது. (1344இல் இலங்கைக்கு வந்து ‘பத்தாலா’ என்னும் துறையில் இறங்கிய இப்னு பதூதா அம்மரபைச் சேர்ந்த சட்ட அறிஞர், அத்துறை புத்தளமே எனப் பெரும்பாலோர் கொள்வதால், இக்கரையின் கொல்லர்கள் அன்று அவரிடம் வழக்குக்குப் போகாதது அவர்களுக்கு நல்லதாயிற்று எனலாம்.) ஷாபிஈ மரபில் மேலோங்கிய கருத்து, கைவினைஞனின் கையை நம்பிக்கையாளனின் கையாகக் கருதுகிறது: வரம்பு மீறாதவரை ஈடு இல்லை.

ஆனால் இமாம் ஷாபிஈ (767–820) பற்றி அவருடைய மாணவர் அர்ரபீஃ தெரிவித்த செய்தி இக்கருத்தின்மீது விசித்திரமான ஒளி பாய்ச்சுகிறது. கைவினைஞர்மீது ஈடு இல்லை என்பதே ஷாபிஈயின் உள்ளார்ந்த கருத்தாக இருந்தும், மக்கள் கெட்டுப்போயிருந்ததை எண்ணி அதை அவர் வெளியிட்டுச் சொல்லாமல் இருந்தார் என்பது அச்செய்தி. உண்மையெனக் கண்டதைச் சட்ட அறிஞர் ஒருவர் தொழிற்கூடத்தின் காதில் விழாமல் வைத்துக்கொள்வது தகுமா என்பது தனியே ஆராய்தற்குரியது. எனினும் அவருடைய அச்சம் ஆதாரமற்றதன்று: ‘நெருப்பின் வேலை’ என்னும் சாக்கு நெருப்போடு புழங்கும் எல்லாத் தொழிலிலும் தயாராகக் கிடப்பது.

அச்சாக்கை அடைப்பதற்கு ஷாபிஈ நூல்கள் பயன்படுத்தும் எடுத்துக்காட்டு ரொட்டி சுடுபவன். கூலிக்கு ரொட்டி சுடுபவன் அளவுக்கு மீறி எரியூட்டினாலோ, உரிய வேளைக்கு முன்னரே மாவை அடுப்பில் ஒட்டினாலோ, வழமைக்கு அதிகமாக விட்டுவைத்தாலோ, அதனால் ரொட்டி கருகினால், அவன் ஈடு கொடுக்க வேண்டும். மூன்றும் நெருப்பின் அளவும் நேரமும் பற்றியவை. மூன்றும் கராஜுக்கு அப்படியே பொருந்துவன. மின்னோட்டத்தைத் தேவைக்கு மேல் கூட்டுவது, முதற் புள்ளி ஆறுமுன் அருகே அடுத்ததை வைப்பது, ஓரிடத்தில் சுடரை நிறுத்திவைப்பது ஆகியவை வரம்பு மீறல். அவற்றால் வரும் நெளிவு பாஸின் கணக்கில் சேரும். வரம்பு மீறப்பட்டதா என்பதில் உரிமையாளரும் தொழிலாளியும் முரண்பட்டால், அத்தொழில் அறிந்த நேர்மையான இருவரின் கூற்றுக்கு விடப்படும் என்றும் அந்நூல்கள் கூறுகின்றன. அதன்படி வேன் கதவு ஒன்றின் நெளிவைப் பற்றிய வழக்கில் சான்று சொல்லத் தக்கவர் வேறொரு கராஜின் பாஸே. நூல் கற்றவர் அவர் சொல்லுக்காகக் காத்திருக்க வேண்டும். இறையியலில் காரணத்தின் இடத்தில் நின்ற அதே வழமை, சட்டத்தில் நீதியின் அளவுகோலாகவும் நிற்பது தற்செயலன்று: அறியக்கூடிய ஒழுங்கு இருக்குமிடத்தில்தான் மீறல் என்பதற்குப் பொருள் உண்டு.

குர்ஆனின் ‘ஸபஃ’ அத்தியாயத்தில் தாவூத் நபிக்கு இரும்பு மிருதுவாக்கப்பட்டதாக வருகிறது. தீயும் சம்மட்டியுமின்றி அவர் கையில் அது மெழுகுபோல் இளகியது என விரிவுரையாளர் விளக்குவர். அத்தகைய அற்புதம் அருளப்பட்டவருக்கும் அடுத்த வசனத்திலேயே கவசத்தின் கண்ணிகளை அளவாகச் செய்யும்படி கட்டளை வருவதும், ஆணி தடித்து வளையத்தை உடைத்துவிடாமலும் மெலிந்து ஆடாமலும் இருக்கட்டும் என்று அதற்குப் பழைய உரைகள் பொருள் சொல்வதும் ஆழ்ந்து நோக்கத்தக்கவை. இரும்பின் இயல்பையே மாற்றித் தந்தவன் அளவை மட்டும் கைவினைஞனிடமே விட்டிருக்கிறான்.

இதுவரை கூறியவை நெளிந்த தகட்டைப் பற்றியவை. நெளிவை மறைப்பது பற்றிய கேள்வி இதிலிருந்து வேறுபட்டது. அதற்கு வாயில், ஈரத் தானியம் பற்றிய நன்கறியப்பட்ட நபிமொழி. சந்தையில் தானியக் குவியலொன்றுக்குள் கைவிட்ட நபியவர்கள் உள்ளே ஈரத்தைக் கண்டு வினவ, மழை பட்டுவிட்டது என்று விற்பவர் கூறினார். மழை பெய்யவைத்தவன் இறைவனே என்பதை அங்கு எவரும் மறுக்கவில்லை. மக்கள் காணும்படி ஈரத்தை மேலே வைத்திருக்கக் கூடாதா என்பதே நபியவர்களின் கேள்வியாக இருந்தது. ஈரம் வானத்தின் கணக்கு. உலர்ந்ததை மேலே போட்டது கையின் கணக்கு. நெளிந்த தகட்டின்மேல் பட்டியைக் கனமாக அப்பி, தேய்த்து, பெயின்ட் அடித்துக் கொடுப்பதும் அதே கையின் வேலைதான். விரல் மொட்டியால் தட்டினால் தகட்டின் கணீர் ஓசைக்குப் பதிலாக மந்தமான ஓசை வருவதும், காந்தம் பிடிமானமின்றி நழுவுவதும் அதனைக் காட்டிக்கொடுக்கும். பட்டி தன்னளவில் பாவமன்று. தாளளவு தடிப்பில் அது எல்லா நல்ல வேலையிலும் உண்டு. எது மறைக்கப்படுகிறது என்பதைப் பொறுத்தே அது ஏமாற்றாகிறது.

இங்கே மூன்றாவது கேள்வி வந்து நிற்கிறது. நெளிவே இல்லாமல், பட்டி அதிகம் தேவைப்படாமல், காந்தமும் விரலும் கண்டுபிடிக்க முடியாதபடி ஒருவர் தகட்டை மாற்றிவிட்டால், மறைப்பதற்கு ஏதுமில்லை என்று ஆகிவிடுமா? ‘இஹ்யா’வில் சம்பாத்தியத்தின் ஒழுக்கங்களைக் கூறும் பகுதியில், இமாம் அஹ்மத் இப்னு ஹன்பலிடம் (780–855) கேட்கப்பட்டதாகக் கஸ்ஸாலி எடுத்துச் சொல்லும் ஒரு வினா இதற்கு வியக்கத்தக்க அளவில் நெருங்கியது. கிழிந்த துணியைத் தையல் தெரியாதபடி இழை கோத்துச் சீராக்குபவனின் தொழிலைப் பற்றியது அது. விற்பவன் அந்தச் சீராக்கத்தை மறைக்கக் கூடாது என்பதும், உடையவன் அதை வெளிப்படுத்துவான் என்றோ விற்க எண்ணவில்லை என்றோ அறிந்தால்தான் இழை கோப்பவனுக்கு அவ்வேலை ஆகும் என்பதும் அஹ்மதின் விடை. இழை கோப்பவனின் வேலை மோசமாக இருந்திருந்தால் இவ்வினாவே எழுந்திராது. கோணல் தையல் தன்னைத் தானே காட்டிக்கொண்டிருக்கும். தேர்ந்த கையின் வேலைக்குத்தான் இந்த விதி தேவைப்படுகிறது. நெளிந்த தகடு வாங்குபவரிடம் உண்மையைத் தானே சொல்லிவிடுகிறது. நெளியாத தகடு வாய் திறப்பதில்லை, ஆகவே அதை ஒட்டியவர் வாய் திறக்க வேண்டியவராகிறார். கைத்திறன் கூடக்கூடப் பொறுப்புக் குறையும் என எண்ணுவது இயல்பு. உண்மையில் அது இடம் மாறுகிறது, கையிலிருந்து நாவுக்கு.

இதற்கு வலுவான மறுப்பு ஒன்று உண்டு. குறை என்பது பொருளின் பயனையோ மதிப்பையோ குறைப்பது. அது நீங்கிவிட்டால் வாங்கியவருக்குத் திருப்பிக் கொடுக்கும் உரிமையும் நீங்கும் என்பது ஷாபிஈ சட்டத்திலும் உள்ளதே. துருப்பிடித்த தகடு போய்ப் புதிய தகடு வந்த பின் குறை எங்கே? உலர்ந்த உள்நாட்டில், விபத்தில் நசுங்கிய கதவொன்றின் தகட்டை மாற்றியிருந்தால் இம்மறுப்பு நிற்கக்கூடும். களப்பின் கரையில் அது நிற்காது. வெட்டப்பட்டது கண்ணுக்குத் தெரிந்த துரு. மிதிபலகையின் உட்கூட்டிலும் தூண்களின் அடியிலும் உப்பு படிந்தபடியே இருக்கும். வெல்டிங்கின் சூடு ஒட்டின் பின்புறத்துப் பூச்சையெல்லாம் எரித்து, கையெட்டாத அந்த உட்புறத்தைப் பச்சை இரும்பாக விட்டுவிடுவதால், மெழுகோ துருத்தடுப்புப் பூச்சோ உள்ளே தெளிக்கப்படாவிடில், மாசற்றுத் தோன்றும் ஒட்டே அடுத்த துருவின் பிறப்பிடமாகும். குறை நீங்கவில்லை, பின்னுக்குத் தள்ளப்பட்டிருக்கிறது.

குறையை அறிந்தவர் விற்பவராக இல்லாவிடினும் வாங்குபவரிடம் அதைச் சொல்லக் கடமைப்பட்டவர் என்று அபூ இஸ்ஹாக் ஷீராஸி (இறப்பு 1083) தம் ‘முஹத்தப்’ நூலில் கூறுகிறார். பழைய வாகனம் வாங்குபவர் தமக்குத் தெரிந்த பாஸ் ஒருவரை அழைத்துச் சென்று காட்டுவது இந்நாட்டில் பரவலான வழக்கம். சிறிய ஊரில் அவ்வாறு அழைக்கப்படுபவர் அதே வாகனத்துக்குத் தகடு ஒட்டியவராகவே இருந்துவிடுவதும் உண்டு. வாடிக்கையாளரின் விவகாரத்தை வெளியே சொல்லாதிருப்பது தொழில் நாகரிகம் என்ற எண்ணம் அவரைத் தடுக்கும். முன்னைய உரிமையாளர் அடுத்த வேலையை வேறு கராஜுக்குக் கொண்டுபோய்விடுவார் என்ற பயம் அதைவிட அதிகமாகத் தடுக்கும். இரகசியம் காப்பதும் ஒரு நம்பிக்கைப் பொறுப்பே என்பதால் இத்தயக்கம் எள்ளி ஒதுக்கத்தக்கதன்று. ஆயினும் இரகசியம் பிறருக்குத் தீங்கிழைக்கும் இடத்தில் ஷீராஸியின் விதியே முந்துகிறது. கொள்வனவுக்கு முன் அறிவுரை கேட்டு வந்தவருக்கு உண்மையை உரைப்பதைப் புறம்பேசுதலில் சேர்க்காமல் கஸ்ஸாலியும் நவவியும் (1233–1277) விலக்களித்திருப்பது அதற்குத் துணை நிற்கிறது.

நடைமுறையில் இச்சிக்கலின் பெரும்பகுதி வேலை தொடங்குமுன் பேசப்படும் சில வாக்கியங்களால் இலகுவாகிவிடும். துரு தின்று பாதித் தடிப்புக்கு மெலிந்த பழைய தகட்டில், எவ்வளவு பொறுமையாகப் புள்ளி வைத்தாலும் சுடர் ஓட்டை போடும் அல்லது தகடு இழுபடும். அது ரொட்டி சுடுபவனின் மீறலில் சேராது, ஆனால் முன்கூட்டிச் சொல்லப்படாவிட்டால் சேர்ந்ததாகவே உரிமையாளருக்குத் தோன்றும். எதுவரை வெட்டினால் நல்ல இரும்பு கிடைக்கும், அதற்கு எத்தனை நாள் செல்லும், உட்புறம் தெளிக்கப்படுமா, வாகனம் வைத்திருப்பதற்கா விற்பதற்கா என்பன அப்போதே கேட்கவும் சொல்லவும் படவேண்டியவை. கடைசிக் கேள்வியைக் கேட்கும் பாஸ்மார் குறைவு. அஹ்மதின் விடையோ அதன்மேல்தான் நிற்கிறது. விற்பதற்கே என்றும், வாங்குபவருக்குச் சொல்லப்போவதில்லை என்றும் உரிமையாளர் வெளிப்படையாகவே கூறிவிட்டால், அவ்வேலையை ஏற்பது பாஸுக்கு ஆகாது. வேறொருவர் ஏற்றுச் செய்வார் என்பதும் அவர் விட்ட கூலி அந்த வேறொருவருக்குப் போகும் என்பதும் இத்தீர்ப்பை மாற்றுவதில்லை. உரிமையாளர் ஒன்றுமே கூறாமல், வழமையான வேலையாகவே ஒப்படைத்துச் சென்றால், வெட்டிய இடங்களையும் மாற்றிய தகடுகளையும் பற்றுச்சீட்டில் எழுதிக் கொடுப்பது பாஸின் பக்கத்தை ஓரளவு தெளிவாக்கும். அந்தச் சீட்டு வாகனத்தோடு அடுத்த கைக்குப் போகுமா என்பது உரிமையாளரின் கணக்கு.